வீடு காட்டும் மாப்பிள்ளை

வீடு பார்க்க ஆள் வருகிறது என்று புரோக்கர் கொளஞ்சி போன் செய்தால் போதும், அப்துல் முத்தலிப் பாய்க்குக் கை கால் எல்லாம் விட்டுப்போகும். வெறுப்பு என்று சொல்ல முடியாது. அலுப்பு. வாசல் கதவிலிருந்து கொல்லைக் கிணறு வரைக்கும் அந்த வீடு ரயில் மாதிரி நீளம். முன்னால் நடந்து, ஒவ்வொரு அறையாகத் திறந்து, "இது ரங்கூன் தேக்கு", "இது முட்டைச் சுண்ணாம்பு" என்று சொல்லி, மறுபடி ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வருஷமாக இதே பிழைப்பு. வந்தவர்கள் எல்லாரும் தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். வாங்குகிற பேச்சைத்தான் ஒருத்தரும் எடுக்கவில்லை.

பரங்கிப்பேட்டையில் கப்பல் வியாபாரம் நடந்த காலத்து மச்சு வீடு அது. மூன்று கட்டு. கடல் காற்றில் சுவரெல்லாம் உப்புப் பூத்து, காலையில் பெருக்கினால் மத்தியானத்துக்குள் ஒரு முறம் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும். பெருக்குவதும் பாய்தான். அறுபத்தெட்டு வயதில் மூட்டு இரண்டும் முறுக்கிக்கொண்டு நிற்க, ஒரு கையில் துடைப்பம், ஒரு கை சுவரில்.

வீடு காட்டுவதில் ஒரு கூத்து. முன்கட்டைத் தாண்டி இரண்டாம் கட்டு வாசலுக்கு வந்ததும் பாய் நின்று இரண்டு தடவை இருமுவார். உள்ளே பெண்கள் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று அந்த ஊர் மாப்பிள்ளைமார் இருமுகிற இருமல் அது. இப்போது உள்ளே பல்லியைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. ஆனாலும் இருமாமல் கால் உள்ளே போகாது. நெய்வேலியிலிருந்து வீடு பார்க்க வந்த ஒரு டாக்டரம்மா, "எத்தனை நாளா இந்த இருமல் பெரியவரே? சளி டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டேதான் வீட்டைச் சுற்றினார்.

எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்வி. "ஓனர் எங்க இருக்காரு?"

"சிங்கப்பூர்ல."

அவ்வளவுதான். பாயை வாட்ச்மேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மெட்ராஸ்காரர் ஒருவர் போகும்போது சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகிவிட்டு, "டீ சாப்பிடுங்க" என்று தோளில் தட்டினார். பாய் அதையும் வாங்கிக்கொண்டு சலாம் சொல்லி அனுப்பினார். என்ன மனுஷன்யா இவர்! சட்டப்படியும் மார்க்கப்படியும் அந்த வீட்டில் சரிபாதி இவருடையது. இறந்துபோன மனைவி மலிகாவின் பேரில் இருக்கிற வீடு. பிள்ளை குட்டி இல்லை. பாதி புருஷனுக்கு, மீதி கூடப்பிறந்த தம்பி சைபுல்லாவுக்கு. இது பாய்க்கும் தெரியும். அதை வாய் திறந்து சொல்லத்தான் வரவில்லை, ஏனென்றால் அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கடலோரத்துப் பழைய குடும்பங்களில் வீடு என்பது பெண்ணுக்கு. கல்யாணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். அவன் பிறந்த வீடு அவனுடைய தங்கைக்குப் போகும், அங்கே இன்னொருத்தன் பெட்டியோடு வருவான். ஆண்பிள்ளைக்கு இரண்டு வீடு இருக்கிற மாதிரி தோன்றும். கணக்குப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

முத்தலிப் அந்த வீட்டுக்குப் பெட்டியோடு வந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை என்று ஊரில் கேலி பேசினார்கள். மரியாதைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அடேயப்பா, என்ன மரியாதை! முதல் விருந்தில் கொடுவா மீன் தலையை வைத்து, "நல்லா இருக்கா மாப்பிள?" என்று மாமி திரைக்குப் பின்னாலிருந்து கேட்க, இவர் மரியாதைக்காக "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். மாமி கண் மூடுகிற வரைக்கும் கொடுவாத் தலைதான். மீன் தலை என்றாலே இவருக்குக் குமட்டும். அதை மலிகாவிடம்கூடச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சமையல்கட்டுக்குப் போகக் கூடாது. மாப்பிள்ளை சத்தமாகப் பேசக் கூடாது. மாப்பிள்ளைக்குப் புழுக்கமாக இருந்தால் மலிகாவிடம் சொல்லி, மலிகா உம்மாவிடம் சொல்லி, உம்மா யோசித்து, அப்புறம்தான் மின்விசிறி இடம் மாறும். சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பல வருஷம் வெந்து சம்பாதித்ததை இந்த வீட்டு மச்சுத் தளத்துக்குத்தான் கொட்டினார். மழை ஒழுகாமல் புதுத் தளம் போட்டது அவர் காசு. கொத்தனார் வந்து, "பாய், வெண்டிலேட்டர் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று கேட்டபோது, "மாமியக் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

அடக்கமான மாப்பிள்ளை, வாயில்லாப் பூச்சி, தங்கமான மனுஷன். ஊர் கொடுத்த பட்டங்கள் இவை. பட்டத்தைக் காப்பாற்றுவதற்கே ஒரு மனுஷனுக்கு ஆயுசு போய்விடும் போலிருக்கிறது.

மாமி போய்ச் சில வருஷத்தில் மலிகாவுக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று தடவை சிதம்பரத்துக்குப் போய் டயாலிசிஸ். ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் பஸ்ஸில் பு.முட்லூர் வழியாகக் குலுங்கி வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒரு நாள் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து மயங்கிவிட்டாள். அதற்கப்புறம் பாய் அண்ணாமலை நகர் பக்கம் பொன்னுரங்கம் என்பவரின் வீட்டுப் பின்பக்கத்தில் ஒற்றை ரூம் வாடகைக்குப் பிடித்தார்.

ரூம் என்றால் ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, ஒரு குழாய். அவ்வளவுதான். சாமான்களை இறக்கிவிட்டு மலிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள். "படுக்குற பாய எங்க போடட்டும்?"

முத்தலிப் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யாரத் தேடுறீங்க? உங்களத்தான் கேக்குறேன்."

"என்னையா?"

"பின்ன? இது உங்க வீடு. வாடக குடுக்குறது நீங்க. நாந்தான் வந்தவ." அவ்வளவு அசதியிலும் அவள் சிரித்தாள்.

பாய் ரொம்ப நேரம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவல்லவா. "ஜன்னலோரமா போடு" என்றார். அன்றிலிருந்து ஜன்னல் வழியாக வந்த கொசு இருவரையும் பிய்த்துத் தின்றது. ஆனால் கோரைப் பாயை நகர்த்த மலிகா சம்மதிக்கவில்லை. "நீங்க சொன்ன எடம், அங்கதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் அவர் முதல் முதலாக அடுப்பு பற்றவைத்தார். அவள் படுத்துக்கொண்டே சொல்வாள், இவர் செய்வார். உப்பில்லாத ரசம், குழைந்த சோறு. அவளுக்கு உப்பே ஆகாது என்பதால் அந்த ரசமே பொருத்தமாகப் போய்விட்டது. "எங்க உம்மா பாத்திருக்கணும், மாப்பிள கரண்டி புடிக்கிறத!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கொடுவாத் தலை பிடிக்காது என்பதை அந்த ரூமில்தான் அவளிடம் சொன்னார். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "இத்தன வருஷமாவா? பாவி மனுஷா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தமாகவே சிரித்தார்கள்.

சொன்னால் பாவம் என்று நினைத்து பாய் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி செத்துக்கொண்டிருந்த அந்தக் காலம்தான் அவர் சந்தோஷமாக இருந்த காலம். சைபுல்லா சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். மருந்துச் செலவுக்குத் தவறாமல் அனுப்புவான். லீவு கிடைக்கவில்லை என்று வர மட்டும் இல்லை. கத்திரி வெயில் காலத்தில் ஒரு முற்பகல், டயாலிசிஸ் முடிந்து ரூமுக்கு வந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமலே மலிகா போய்ச் சேர்ந்தாள். மய்யித்தைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்து அந்த நீள வீட்டில்தான் வைத்தார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்து, ஊர்ப் பெரியவர்கள் சகனில், நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு என்று, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவின நேரம். சைபுல்லா அப்போதுதான் வந்திருந்தான். எல்லார் முன்னாலும், "மச்சான், வீட்ட என்ன செய்யலாம்?" என்று கேட்டான். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான், அவனைக் குறை சொல்லக் கூடாது. பாய்க்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் பழைய நோய் வந்துவிட்டது. "எனக்கென்னப்பா? நான் வந்தவன்தானே. உங்க வீடு, உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார்.

"மாஷா அல்லாஹ்! மாப்பிளன்னா இப்புடி இருக்கணும்!" என்று ஒரு பெரியவர் கண் கலங்கினார். அந்தச் செய்தி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் ஊரெல்லாம் பரவி, தெருவில் போகிறவர்கள் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வேறு ஊரில் பொண்டாட்டி சொத்தை வேண்டாம் என்றவனைப் பைத்தியம் என்பார்கள். இங்கே மாலை போடாத குறை.

சைபுல்லா, வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து கொளஞ்சியிடம் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினான். அன்று ஆரம்பித்தது இந்த வீடு காட்டும் வேலை.

கடைசியில் புதுச்சேரியிலிருந்து ராபர்ட் என்றொருவர் வந்தார். பழைய வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, தங்கும் விடுதியாக நடத்துகிறவர். அவர் தூணைக் கட்டிக்கொள்ளவில்லை. ஏணி கேட்டு ஏறி, மச்சுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், கரையானைக் கிள்ளிப் பார்த்தார், ஒரு மணி நேரத்தில் சட்டையெல்லாம் தூசியோடு இறங்கி, "வாங்கிக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வெளியே வந்ததும் கொளஞ்சி பாயை ஓரமாக இழுத்தான்.

"பாய், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்க கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லு நகராது. சைபுல்லா பாய் உங்ககிட்ட, பங்கே வேணாம்னு விடுதலப் பத்திரம் எழுதி வாங்கப் போறாரு. பாதி என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்களுக்கு வேணாமா?"

"சொன்ன சொல்லு இருக்கேப்பா."

"சொல்லுல கூர போட்டுப் படுத்துக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொளஞ்சி வண்டியை உதைத்தான்.

படுத்துக்கொள்ள இடம்? பாய்க்குத் தங்கை இருக்கிறாள், நஸீமா. அண்ணனை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். "நானா, நான் இல்லியா? எங்கூட வந்துடுங்க" என்று அவள்தான் முதலில் சொன்னாள். வாயளவில் சொல்கிறவளும் இல்லை. மறு வாரமே கூப்பிட்டு, சமையல்கட்டுக்குப் போகிற நடையில், ஃப்ரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் நடுவில், ஒரு கட்டில் போட்டுக் காட்டினாள். புது மெத்தை. "ஃபேன் காத்து ஹால்லேருந்து வரும் நானா."

பாயின் உம்மா வீடு அது. அவர் பிறந்து வளர்ந்த வீடு. இப்போது நஸீமாவுடையது. அடுத்து அவள் மகள் நௌஷீனுக்கு. நௌஷீனுக்கு மூன்று மாதம் முன்புதான் கல்யாணம். மாப்பிள்ளை மெட்ராஸில் வேலை, வாரக் கடைசியில் வருவான். பாய் ஹாலில் உட்கார்ந்து முதல் கவளம் எடுத்திருப்பார், வாசலில் செருப்புச் சத்தம். வீடே பரபரத்தது. ஒருத்தி தண்ணீர் எடுக்க ஓட, ஒருத்தி தலையில் துணியை இழுத்துவிட, நஸீமா அண்ணன் பக்கத்தில் குனிந்து, "நானா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயி சாப்டுறீங்களா? மாப்பிள கூச்சப்படுவாரு" என்றாள்.

பாய் தட்டை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கேயிருந்து பார்த்தால் ஹாலில் அந்தப் பையன் தெரிந்தான். முன்னால் தட்டு நிறைய மீன். "நல்லா இருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல். பையன் தலையைத் தலையை ஆட்டினான். அட அல்லாஹ், இவனும் மாட்டிக்கொண்டானே என்று பாய்க்கு அவன்மேல் இரக்கமாக வந்தது. கூடவே தன்மேலும் வந்தது. அவன் கூச்சப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் மிச்ச ஆயுசை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒளிந்து கழிக்க வேண்டும். ஒரு மாப்பிள்ளையாக வாழ்ந்து முடித்து, இன்னொரு மாப்பிள்ளைக்கு வழிவிட்டுச் சாக வேண்டும். தட்டைக் கிரைண்டர் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகப் பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். பொன்னுரங்கம் அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க பாய். உங்களத்தான் நெனச்சிட்டிருந்தேன். பொண்ணு ஓசூர்ல வீடு கட்டுது, பணம் வேணுமாம். பின்பக்கத்துப் போர்ஷன வித்துடலாம்னு பாக்குறேன். அந்த ரூமு, அதோட புதுசா ஒரு ரூமு எடுத்திருக்கேன். தெரியாதவனுக்குக் குடுக்க மனசு வரல. நீங்கன்னா எனக்கும் நிம்மதி."

ரூம் பூட்டியிருந்தது. பொன்னுரங்கம் சாவி கொடுத்தார். உள்ளே போய் பாய் சும்மா நின்றார். வெள்ளையடித்து எல்லாத் தடயமும் போயிருந்தது. ஆனாலும் எங்கே கோரைப் பாய் கிடந்தது, எங்கே மருந்து டப்பா, எங்கே அவள் முதுகைச் சாய்ப்பாள் என்று அவருக்குத் தெரியும். இங்கே இருந்துவிட்டால் போதும். வேறு ஒன்றுமே வேண்டாம். அந்த ஆசை வந்ததும் அவருக்குப் பயமாகப் போய்விட்டது. இந்த வயதில் ஆசை வரலாமா? வந்தால் அதை வாயால் கேட்க வேண்டுமே.

"ஒரு மாசம் டயம் குடுங்க" என்றார்.

"தாராளமா. அதுக்கு மேல பொண்ணு என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிப் பார்த்தார். 'தம்பி, எனக்குச் சேர வேண்டியது...' இல்லை. 'தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது...' அதுவும் இல்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் நாக்கு வறண்டு போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் சந்தேகமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தான்.

சைபுல்லா வந்து இறங்கினான். கையில் கோடாலித் தைலம், பாய்க்கு ஒரு சட்டை, கட்டிப்பிடித்து ஒரு அழுகை. ஒவ்வொரு தூணாகப் போய்த் தடவினான். "இந்த வீட்ட விக்கிறேன்னு நெனச்சாலே நெஞ்ச அடைக்குது மச்சான்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. விமானத்தில் வந்து நாலு நாள் அழுவதற்கு அந்த வீடு நன்றாகத்தான் இருக்கும். பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் காலை ராபர்ட் வந்தார். கொளஞ்சியும் வந்தான். முன்கட்டில் நாலு நாற்காலி. சைபுல்லா எல்லாம் தயாராக வைத்திருந்தான். முதலில் மச்சான் விடுதலைப் பத்திரம், பிறகு அவன் கிரயம் எழுதிக் கொடுப்பது, இரண்டும் ஒரே நாளில். பாய் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வயதென்ன, வாழ்ந்ததென்ன, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பாடா!

ராபர்ட் நல்ல மனுஷர். பேச்சு முடிகிற நேரத்தில் பாயின் பக்கம் திரும்பினார். "பாய், உங்களுக்கு இஷ்டம்னா நீங்க இங்கேயே இருந்துக்கலாம். பின்கட்டுல ஒரு ரூம் ஒதுக்கித் தர்றேன். வர்ற கெஸ்ட்டுங்களுக்கு வீட்டச் சுத்திக் காட்டி, கதை சொல்லணும். உங்கள மாதிரி இந்த வீட்டத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? மாசாமாசம் சம்பளம் போட்டுடுவோம்."

சைபுல்லாவுக்கு முகமெல்லாம் பல். "கேட்டீங்களா மச்சான்! இதவிட என்ன வேணும்? வீட்ட விட்டும் போவ வேணாம், கைக்கும் காசு. யூனிபார்ம் உண்டா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சட்டென்று ஒரு அசதி வந்தது. முட்டியில் வருகிற அசதி இல்லை அது. இத்தனை வருஷமும் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து மேலே உட்கார்ந்த மாதிரி. இனி ஒரு தடவைகூடச் சிரிக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"தம்பி, பாதி" என்றார்.

"என்ன மச்சான்?"

"இந்த வீட்ல பாதி எனக்கு வரணும். விடுதலப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கொளஞ்சி மட்டும் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தான். சைபுல்லா எழுந்துவிட்டான். "நாப்பதுல எல்லாரு முன்னாடியும் சொன்னீங்களே மச்சான். ஊரே கேட்டுச்சே."

"சொன்னேன். இந்த வீட்டு மாப்பிளயா இருந்து சொன்னேன். நாப்பத்தாறு வருஷம் மாப்பிளயா இருந்தாச்சு, போதும்பா. இப்ப அவ புருஷனா கேக்குறேன்."

"லாத்தா இருந்தா இப்புடிக் கேப்பீங்களா?" அக்காவை அவன் கூப்பிடுவது அப்படித்தான்.

"உங்க லாத்தா இருந்தா நான் ஏன்பா கேக்கப் போறேன்?"

ராபர்ட் எழுந்து, "நான் வெளியில இருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். சைபுல்லாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முன்னால் விடுவது என்று தெரியாமல் நின்றான். "ஊரு என்ன பேசும் மச்சான்? ஒத்த ஆளு நீங்க. எதுக்கு உங்களுக்கு?"

"இருக்குறதுக்குத்தான். சிதம்பரத்துல நாங்க இருந்த ரூம விக்கிறாங்க. நான் அங்க போயி இருந்துக்குறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போயி வந்த ரூமா? அதுக்கா இந்த வீட்டப் பிரிக்கிறீங்க?"

பாய்க்குக் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டார். "இந்த வீட்ல அவ உனக்கு லாத்தா. உங்க உம்மாவுக்கு மவ. தெருவுக்கு இந்த வீட்டுப் பொண்ணு. எனக்குப் பொண்டாட்டியா இருந்தது அந்த ஒத்த ரூம்லதாம்பா."

சைபுல்லா நாற்காலியில் உட்கார்ந்தான். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். யாரும் கதவைத் திறக்கவில்லை.

"நான் அந்த ரூமப் பாத்ததே இல்ல" என்றான் கடைசியில். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டான். "லாத்தா அங்க சந்தோஷமா இருந்துச்சா மச்சான்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். மாப்பிள்ளை முத்தலிப் கட்டாயம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"அவ நோயாளிப்பா. வலியோட கெடந்தா. அவளுக்கு எப்புடி இருந்துச்சோ, எனக்குத் தெரியல" என்றார் பாய். "நான் சந்தோஷமா இருந்தேன்."

சைபுல்லா முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தான். பிறகு கொளஞ்சியைப் பார்த்து, கிரயப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரையும் போட்டு எழுதச் சொன்னான்.